பெல்ட் தளர்ந்த மாதத்தின் மெட்டு

1

வழக்கமாக நான்தான் ஊருக்குப் போன் செய்வேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாங்கள் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மதினியே கூப்பிட்டாள். (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச்சும் கோயில்தான். இங்கே வந்தும் எனக்கு வேறு சொல் வாயில் வரவில்லை.) பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில், கண்ணெதிரே ஓடுகிற மீட்டரைப் பார்த்தபடி பேசுகிறவளுக்கு நலம் விசாரிக்க நேரம் ஏது? அதிலும் மதினி ராதாபுரத்துக்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஏளா மெர்சி, ஒங்க அண்ணன் போயி வருசம் ஆவப் போவுது. கல்லறைத் தோட்டத்துல வச்சு ஜெபம். அவுக மெட்டு வேணும்னு நான் ஒத்தக்கால்ல நிக்கேன். கோயில் கமிட்டி செக்ரட்டரி ஐயா மாட்டேங்காரு."

"ஏன் மதினி?"

"அது சாராயக் கடையில ஆடுத பாட்டாம்லா. செத்தவங்க படுத்திருக்க எடத்துல வாசிக்கப்படாதாம். அவுக இருந்த வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. இப்ப பேசுதாங்க. வாசிக்கவும் இங்கன ஆளு இல்ல. நீ அங்கனதான இருக்க? அந்தத் தாடி அண்ணாச்சியவே புடி. நம்ம மெட்ட வாசிக்கச் சொல்லி ஒரு கேசட்ல பதிஞ்சு அனுப்பு. பாட்டுக்குச் சொந்தக்காரரே துக்கத்துக்கு வாசிச்சிட்டாருன்னா பொறவு இவரு என்னத்தச் சொல்லுவாரு?"

"மதினி, அவர் பெரிய ஆளு. நான் எப்படிப் போய்..."

"அடக்கத்தன்னைக்கும் மெட்டு இல்ல. இன்னைக்கும் இல்லன்னா அந்த மனுசன் ஊரு முழுக்க வாசிச்சதுக்கு என்னளா அர்த்தம்?"

அதோடு லைன் அறுந்துவிட்டது. அவளாகத்தான் வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். நான் ரிசீவரை வைத்துவிட்டு, மகள் ரூத்தின் சட்டைக்கு இஸ்திரி போடுவதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

தாடி அண்ணாச்சி என்பவர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற ஒரு வயலின்காரர். இந்த ஊரில் அதை ஃபிடில் என்பார்கள். எங்கள் குடும்பம் அவருக்கு ரசிகர் மன்றம் வைக்காததுதான் குறை. அவர் நாட்டுக்கே வந்து குடியிருக்கிறேன். பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் அவர் ஊருக்குப் போய்விடலாம். நாலு வருடத்தில் ஒரு நாள்கூடப் போனதில்லை.

2

சாமு அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோயில் பாடகர் குழுவில் வயலின். தொண்ணூறாம் வருடத்துக் கிறிஸ்துமஸ் வரை அவன் வாழ்க்கையில் இந்த இரண்டும்தான் இருந்தன. அப்போது நான் கைக்குழந்தை ரூத்தோடு அவன் வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் டாக்டர். மேற்படிப்புப் பரீட்சை எழுத முதலில் தனியாக விமானம் ஏறிவிட்டார். அவர் எங்களைக் கூப்பிட்டுக்கொள்ள மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு காலமும் அண்ணன் வீட்டுச் சோறுதான்.

மேலப்பாளையத்தில் காதர் பாய் என்பவர் கேசட் பதிகிற கடை வைத்திருந்தார். வளைகுடாவிலிருந்து வந்த இரட்டை டெக் மிஷின். ஒரு பக்கம் மூலத்தை ஓடவிட்டு மறுபக்கம் நகல் எடுத்துக் கொடுப்பார். பாடகர் குழுவுக்குக் கேரல் பாட்டு பதிந்துவர சைக்கிளில் போன அண்ணன், கூடவே இன்னொரு கேசட்டோடு வந்தான். காதர் பாயின் மச்சான் சார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தபோது கொண்டுவந்ததாம். கூட வேலை பார்க்கிற அயர்லாந்துக்காரர் கொடுத்தாராம். "எடுத்துட்டுப் போங்க சார், இங்கன ஒருத்தனும் இதக் கேக்க மாட்டேங்கான்" என்று காதர் பாய் ஒரு நகல் போட்டுக் கொடுத்திருக்கிறார். மூலம் மச்சானோடு திரும்பவும் சார்ஜாவுக்குப் போய்விட்டது.

அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏட்டி மெர்சி, இங்கன வா. இதக் கேளு. பேசாத" என்று டேப்பைப் போட்டான். தனியாக ஒரு வயலின். நம் ஊரில் வயலின் குழையும், கெஞ்சும். இது அப்படி ஒன்றும் செய்யவில்லை. நேராக வந்து உட்கார்ந்து தன் கஷ்டத்தை அடுக்காமல் சொல்லிவிட்டு எழுந்து போகிற விருந்தாளி மாதிரி இருந்தது. நடுவில் கரண்ட் போனது. பேட்டரி போட்டுக் கேட்டோம்.

அந்த ஒரே கேசட்தான் எங்களுக்கு வாய்த்தது. அந்த அயர்லாந்துக்காரர் வேலையை விட்டுப் போய்விட்டதால் அடுத்தது வரவே இல்லை. அண்ணன் மாதாமாதம் கடைக்குப் போய் விசாரிப்பான். கேசட் உறையின் ஜெராக்ஸை வயலின் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்தான். அதில் தாடி வைத்த ஒருவர் வயலினோடு நிற்பார், பக்கத்தில் நெட்டையாக ஒரு பெண். பெயர் இருந்த இடத்தில் மை அப்பிக் கறுப்பாகிவிட்டது. ஆகவே நாங்களே தாடி அண்ணாச்சி என்று பெயர் சூட்டினோம். இரண்டு பாட்டில் கனமான குரல் ஒன்று வரும். அது தாடி அண்ணாச்சியின் குரல்தான் என்று அண்ணன் அடித்துச் சொல்வான்.

அவரைப் பற்றி ஒன்றும் தெரியாததால் எல்லாவற்றையும் நாங்களே முடிவு செய்தோம். அவரும் கணக்கு வாத்தியார் என்பது அண்ணன் கட்சி. ஓரிடத்திலும் தாளம் பிசகவில்லையே! கடலுக்குப் போகிறவர் என்பது என் கட்சி. மதினி அடுப்படியிலிருந்து, "மனுசனுக்குப் பொண்டாட்டி தவறியிருக்கும். இல்லன்னா இப்பிடி இழுப்பானா?" என்பாள். ஆசிரியர் அறையில் அண்ணனுக்கு ‘அயர்லாந்து வாத்தியார்’ என்று பெயர் விழுந்தது. அவனுக்கு அதில் பெருமைதான்.

3

கேசட்டோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்தபோது ஒரு தொல்லை வந்தது. தாடி அண்ணாச்சியின் சுருதி அண்ணனின் வயலினுக்கு ஒத்துவரவில்லை. எந்தக் கட்டையில் வைத்தாலும் அது இரண்டு கட்டைக்கு நடுவில் போய் நின்றது. அந்த ஊரில் வயலினே கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள் போலும் என்று அண்ணன் யோசித்து, நாலு தந்தியையும் தளர்த்திவிட்டான். தந்தி தளர்ந்ததும் ஓசை கரகரத்தது. அதுவே அந்த மெட்டுக்கு அமைந்துவிட்டது. பக்கம் இரண்டில் மூன்றாவதாக வரும் மெட்டு அது. வார்த்தை கிடையாது. அண்ணன் அதற்குச் சொல்ஃபா பிரித்து எனக்கும் சொல்லிக்கொடுத்தான். டோ ரே மி என்று பாடியே பாட்டுப் படிக்கிற வழக்கம் எங்கள் கோயில் பிள்ளைகளுக்கு உண்டு. ரூத்தை அதைப் பாடித்தான் தூங்க வைத்தேன்.

எங்கள் ஊர் அடக்கத்தில் எல்லாவற்றுக்கும் பாட்டு இருக்கிறது. வீட்டில் கீர்த்தனை, தெருவில் கீர்த்தனை, குழிக்கரையில் கீர்த்தனை. ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், ஜெபம் முடித்தபின் ஒவ்வொருவராக வந்து கைப்பிடி மண் போடுவார்கள். அந்த நேரத்துக்குப் பாட்டு இல்லை. பெட்டி மேல் மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். எங்கள் தெரு டெய்சி டீச்சர் இறந்தபோது, அந்தச் சத்தம் பொறுக்காமல் அவர் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் பாடகர் வரிசையிலிருந்து ஒரு எட்டு முன்னால் வந்து தாடி அண்ணாச்சி மெட்டை வாசித்தான். கேசட்டில் இருந்ததைவிட இன்னும் பைய வாசித்தான். கடைசி ஆள் மண் போட்டு முடிக்கும் வரை நிறுத்தவில்லை.

அடுத்த அடக்கத்தில் அவர்களே கேட்டார்கள். பிறகு கேட்கவும் வேண்டியதில்லை. ‘சாமு சார் மெட்டு’ என்று அதற்குப் பெயராகிவிட்டது. சாவுச் செய்தி வந்தால் அண்ணன் அறைக்குள் போய் வயலினை எடுப்பான். பிரடை என்கிற அந்தத் திருகுகட்டைகளைத் தளர்த்துவான். அது பழைய வயலின், கட்டை கிர்ர் கிர்ர் என்று முனகும். அந்தச் சத்தம் கேட்டதும் மதினி, யார், என்ன என்று கேட்காமல் பீரோவைத் திறந்து அவனுடைய வெள்ளைச் சட்டையை எடுத்து வைப்பாள். கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

4

நானும் ரூத்தும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். முதல் வருடம் மழையைப் பார்த்ததைத் தவிர வேறு நினைவில்லை. பி.எஸ்சி. படித்த நான் முதியோர் இல்லம் ஒன்றில் துணி மடிக்கிறேன். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வரும் போர்வைகள் வெதுவெதுப்பாக இருக்கும். அதுதான் இந்த ஊரில் எனக்குப் பிடித்த சீதோஷ்ணம். பழக்கதோஷத்தில் எதிர்வீட்டு அம்மாளைப் பார்க்கும்போதெல்லாம் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்டேன். நான்காவது நாள் அவர் ஒரு தட்டு நிறைய ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வீட்டில் ஏதும் சிரமமா என்று என் வீட்டுக்காரரிடம் தனியாக விசாரித்தார். ரூத்துக்கு என் இங்கிலீஷைக் கேட்டால் வெட்கம். நான் தமிழில் கேட்பேன். அவள் இந்த ஊர் ராகத்தில் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் இவர்கள் ஆட்டம் படிக்கிறாள். கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கும், கால் மட்டும் பறக்கும்.

ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே அண்ணன் மெட்டைச் சொல்ஃபாவில் பாடிக்கொண்டிருந்தேன். பின்னால் டக் டக் என்று சத்தம். ரூத் தரையில் ஆட்ட அடி போட்டுப் பார்க்கிறாள்.

"அம்மா, நீ ரொம்ப மெதுவாப் பாடுற. இது ஜிக். நாங்க கிளாஸ்ல ஆடுறது" என்றாள், இங்கிலீஷில்தான். பாடிக் காட்டினாள். கல்யாண வீட்டில் ஆடுகிற துள்ளலான பாட்டு. அடி அடியாக எங்கள் மெட்டேதான்.

அடுத்த நாள் டவுனில் கேசட் கடைக்குப் போய், உறைப் படத்தை அடையாளமாகச் சொல்லிக் கேட்டேன். பழைய கேசட் என்றாலும் எடுத்துக் கொடுத்தார்கள். அதே தாடி, அதே நெட்டைப் பெண். வீட்டில் போட்டுக் கேட்டால் எல்லாம் ஆலங்கட்டி மழை மாதிரி கொட்டுகிறது. கனமான குரலில் பாடியது தாடி அண்ணாச்சி இல்லை, அந்தப் பெண். நல்ல மெல்லிய குரல் அவருக்கு.

போனில் அண்ணனிடம் சொன்னேன். கணக்கு வாத்தியார் அல்லவா, விடையைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வாய் திறந்தான்.

"ஏட்டி, அந்த வருசம் கேரல் பாட்டும் இழுவையாத்தான இருந்துது? பாடகர் குழுவுல எல்லாரும் சடைச்சாங்கள்லா? காதர் பாய் மிஷின்ல அந்த மாசம் பெல்ட் தளந்து நாடா பைய ஓடியிருக்கு." பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "அப்ப இம்புட்டு வருசமா குழிக்கரையில நின்னு டான்ஸ் பாட்டையா வாசிச்சேன்? பொண்டாட்டி செத்தவன்னு ஒங்க மதினி வேற அவருக்காகப் பரிதாபப்பட்டா!"

"இனி என்ன செய்யப் போற?"

"என்ன செய்ய? பையத்தான் வாசிப்பேன். நம்ம ஊருக்கு அதுதான் தோது. காதர் பாய்ட்ட மட்டும் சொல்லிராத. பாவம், சங்கடப்படுவாரு."

காதர் பாய்க்குச் சொல்லவில்லை. ஆனால் பாடகர் குழுவில் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறான். அது அப்படியே செக்ரட்டரி ஐயா காது வரை போயிருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் பைத்தியம் இரண்டு மடங்காகிவிட்டது. நான் வாங்கிய கேசட்டின் ஒழுங்கான நகலை அனுப்பினேன். ‘இவ்வளவு வேகத்துலயும் ஒரு சுரம் உதிரலயே’ என்று மாய்ந்து மாய்ந்து பேசினான். நேரில் பார்த்தே தீரவேண்டும் என்று கோடை விடுமுறைக்கு விசா கேட்டான். என்ன காரியமாகப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். தங்கையைப் பார்க்க என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். இவன், "ஒரு ஃபிடில்காரரைப் பார்க்க" என்றிருக்கிறான். தெரிந்தவரா? இல்லை. அவர் அழைத்தாரா? இல்லை, அவருக்கு என்னைத் தெரியாது. விசா கிடைக்கவில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்வோம் என்றான். அவன் வந்தபின் சேர்ந்து போகலாம் என்று நானும் போகாமல் இருந்தேன். உண்மையில் இன்னொரு காரணமும் உண்டு. கேசட் கடைக்காரர் சொன்னபடி, தாடி அண்ணாச்சி இப்போது தன் ஊரில் ஒரு பப்பில்தான் ஞாயிறுதோறும் வாசிக்கிறார். பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளி நடத்தியவள் குடிக்கிற இடத்துக்குள் எப்படிக் கால் வைப்பாள்?

5

அண்ணன் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பியவன் அப்படியே விழுந்துவிட்டான். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வரைகூட இல்லை.

என் பாஸ்போர்ட் அப்போது புதுப்பிப்பதற்காகத் தூதரகத்தில் கிடந்தது. போன் செய்தேன். வரிசைப்படிதான் வரும் என்றார்கள். அண்ணன் இறந்துவிட்டான் என்றேன். சான்று வேண்டும் என்றார்கள். மனிதன் இறந்து பொழுதுகூடச் சாயவில்லை, அதற்குள் சான்றுக்கு எங்கே போக? மறுநாள் அடக்கம் முடிந்துவிட்டது. அடக்கத்தின்போது நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்து என்ன செய்ய என்று வேலைக்குப் போய்விட்டேன்.

இந்த ஊர்க்காரர்களுக்குத் துக்கம் கேட்க ஒரே வாக்கியம்தான். கையைப் பிடித்துக் குலுக்கி, ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன்’ என்பார்கள். தெருவில் பார்த்தவர், பால் கொண்டுவருகிறவர், எதிர்வீட்டு அம்மாள், எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் நான், "சிரமம் ஒன்றும் இல்லை" என்று பதில் சொன்னேன். ரூத் என் கையைக் கிள்ளினாள். அப்படிச் சொல்லக்கூடாதாம்.

அந்த வார இறுதியில் மதினியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "மண் போடும்போது யார் வாசிச்சது?"

"யாரு வாசிப்பா? வாசிக்கிறவுகதான படுத்துக் கெடந்தாக. மண்ணு விழுத சத்தந்தான் கேட்டுது."

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அன்றிலிருந்து ஒரு வருடம் இப்படியே போய்விட்டது. எழுகிறேன், சமைக்கிறேன், மடிக்கிறேன், தூங்குகிறேன். ருசி தெரிகிறது, குளிர் தெரிகிறது. பல்லுக்கு மரத்துப்போக ஊசி போட்டால், தொட்டால் தெரியும், வலி மட்டும் தெரியாது அல்லவா? அப்படித்தான் இருந்தது. தாடி அண்ணாச்சி கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். கை தானாக ரூத்தின் தலையைப் பின்ன ஆரம்பித்தது. மனம் எங்கும் போகவில்லை.

மதினியின் போன் வராவிட்டால் அப்படியே இருந்திருப்பேன்.

6

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து, ரூத்தோடு பஸ் ஏறினேன். வீட்டுக்காரருக்கு டியூட்டி. வெள்ளைப் புடவையின் மேல் கோட்டுப் போட்டிருந்தேன். டேப் ரெக்கார்டர் ரூத்தின் பையில்.

பப் என்றால் எங்கள் ஊர்ச் சாராயக் கடை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே தாத்தாக்கள், குழந்தைகள், ஒரு நாய். தேநீர் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. மூலையில் வட்டமாக உட்கார்ந்து ஏழெட்டுப் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரர் யாரும் இல்லை. வந்தது வீண் என்று நினைத்தேன். பிறகு ஒருவர் வில்லை எடுத்துப் பிடித்த விதத்தைப் பார்த்ததும் புரிந்தது. மூடிக்குள் ஒட்டிய படத்தில் சுண்டுவிரல் அப்படித்தான் மடங்கியிருக்கும். தாடியை எடுத்துவிட்டிருக்கிறார். தாடை சிறியதாக, யாரோ போல இருந்தார்.

எங்கள் தாடி அண்ணாச்சி. சார்ஜா வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தவர். அண்ணன் பார்க்கவேண்டிய ஆளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

இடைவேளையில் எழுந்து போய்க் கேட்பது என்று பஸ்ஸில் வாக்கியமெல்லாம் தயார் செய்திருந்தேன். ‘ஐயா, உங்கள் ஜிக்கைச் சாவுப் பாட்டாக வாசித்துத் தாருங்கள்.’ ஒரு கலைஞனிடம் இதை எப்படிக் கேட்பது? இடைவேளை வந்தது, போனது. நான் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, போ" என்று ரூத் முழங்கையால் இடித்தாள்.

அதன்பின் வாத்தியங்களை மடியில் வைத்துவிட்டு ஆளுக்கொரு பாட்டுப் பாடத் தொடங்கினார்கள். இங்கே ஒரு முறை உண்டு. பாடி முடித்தவர் அடுத்துப் பாடவேண்டியவரைக் கைகாட்டுவார். வருகிறவர், போகிறவர் என்ற வேறுபாடு கிடையாது. மறுப்பது மரியாதை இல்லை. கம்பளித் தொப்பி போட்ட ஒரு பாட்டுக்காரி தன் பாட்டை முடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். புடவை கட்டினவள் நான் ஒருத்திதான். விரல் என்னிடம் வந்து நின்றது.

எனக்கு முன்பே ரூத் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்திவிட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு சொல்ஃபாவில் பாடினேன். அண்ணன் சொல்லிக்கொடுத்த சுருதியில், அவன் குழிக்கரையில் இழுத்த இழுப்பில். வார்த்தை இல்லாமல் வெறும் அசைகளால் பாடுகிற வழக்கம் இவர்களுக்கும் இருப்பதால் யாருக்கும் விநோதமாகப் படவில்லை. மூன்று சுற்றுப் பாடினேன், எங்கள் ஊரில் ஒரு வரிசை வந்து மண் போட்டுப் போகிற நேரம். முடித்துக் கண்ணைத் திறந்தபோது நாய்கூட அசையாமல் படுத்திருந்தது.

தாடி அண்ணாச்சி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். "இதை நான் கேட்டதே இல்லை. யார் போட்ட மெட்டு இது?" என்று கேட்டார்.

நீங்கள்தான் என்று சொல்லத்தானே வந்தேன்! வாய் வேறு சொன்னது.

"என் அண்ணன்."

"எந்த ஊர்?"

"பாளையங்கோட்டை."

அவர் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டு தடவையும் வேறு வேறு ஊர் வந்தது. "அண்ணன் இன்னும் வாசிக்கிறாரா?"

"போன வருடம் இறந்துவிட்டான். அவன் எல்லோருடைய அடக்கத்துக்கும் இதை வாசிப்பான். அவனுடைய அடக்கத்துக்கு வாசிக்க ஆளில்லை."

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்றார். இந்தத் தடவை நான், சிரமம் இல்லை என்று சொல்லவில்லை.

"இன்னொரு முறை பாடுங்கள்" என்று ஃபிடிலைத் தோளில் வைத்தார். இரண்டு மூன்று இடத்தில் வில்லை இழுத்துப் பார்த்தார். என் சுருதி எங்கும் பிடிபடவில்லை. தலையை ஆட்டிவிட்டு வாத்தியத்தை மடியில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு தந்தியாகத் தளர்த்தினார். பிறகு என்னோடு சேர்ந்து வாசித்தார், அவ்வளவு பைய. இரண்டாம் சுற்றில் ஓரிடத்தில் அவர் விரல் தயங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். தொடர்ந்து வாசித்து முடித்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ரூத் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபின் அவள் அப்படித் தூங்கியதில்லை.

7

வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் டாக்டர் ஒருவர் திருநெல்வேலிக்குப் போனார். அவரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்பினேன். நான் அதைப் போட்டுக் கேட்கவில்லை. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று வெட்டிச் சரிசெய்யவும் இல்லை. பொத்தானை அழுத்தியது முதல் நாடா தீரும் வரை எல்லாம் அதில் இருந்தது.

வருடாந்திர ஜெபம் முடிந்த மறுநாள் மதினி கூப்பிட்டாள்.

"காதர் பாய்தான் மிஷினு, ஸ்பீக்கரு எல்லாம் ஆட்டோவுல வச்சுக் கொண்டாந்தாரு. ‘சாமு சாருக்குன்னு புது பெல்ட் போட்டுருக்கேம்மா’ன்னாரு. கல்லறைக்குப் பூ வச்சு, எல்லாரும் உக்காந்து கேட்டோம். ஒன் கொரலு நல்லாத்தான் இருந்துது. பொறவு அந்த அண்ணாச்சி இங்கிலீஷுல கேக்காரு, யாரு போட்ட மெட்டுன்னு. நீ சொல்லுத, என் அண்ணன்னு. செக்ரட்டரி ஐயா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்லா? நல்லா வெளங்கிட்டு. ‘பாட்டுக்காரனே யாரு மெட்டுன்னு கேக்கான், பொறவு நம்ம என்னத்தச் சொல்ல’ன்னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. இனிமே அடக்கத்துக்கு இந்தக் கேசட்டையே போடலாம்னு அவரே சொல்லிட்டாரு."

"நல்லது மதினி."

"கேளு. அதுக்குப் பொறவு..." மதினி நிறுத்தினாள். மீட்டர் ஓடும்போது அவள் இப்படி நிறுத்துகிறவள் இல்லை.

"அதுக்குப் பொறவு என்ன மதினி?"

"கிர்ரு கிர்ருன்னு கட்டையத் திருகுத சத்தம் கேட்டுது மெர்சி. நான் எந்திரிச்சிட்டேன். யாரோ செத்துட்டாங்க போலிருக்கு, அவுக கெளம்புதாக, வெள்ளைச் சட்டைய எடுத்து வைக்கணுமேன்னு படக்குன்னு எந்திரிச்சு ரெண்டு எட்டு நடந்துட்டேன். எல்லாரும் என்னையவே பாக்காங்க. பொறவுதான் ஒறைச்சுது, செத்தது அவுகதான்னு."

மதினி போனை வைக்கவில்லை. மீட்டர் ஓடினால் ஓடட்டும் என்று இரண்டு பேரும் அழுதோம்.